மைலேஜ் கிட் மாட்டப் போகிறீர்களா? முதலில் பல்லை எண்ணுங்கள்

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, என் பைக்கின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செயின் ஓடும் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு அங்கிருந்து ஆரம்பித்தேன். 40-ல் முடிந்திருக்க வேண்டும். 45 வந்தது. மறுபடி எண்ணினேன், அதே 45. அப்புறம் கிரீஸைத் துணியால் துடைத்துப் பார்த்தால், ஸ்ப்ராக்கெட் தகட்டிலேயே 45 என்று குத்தியிருக்கிறது. மூன்று வாரமாக அந்த எண் என் கண்முன்னால்தான் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

மைலேஜ் கூடும் என்று சொல்லி ஸ்ப்ராக்கெட்டை மாற்றிப் போடும் இந்த 'மைலேஜ் கிட்'டுக்கு நான் கொடுத்தது அரை மாதச் சம்பளம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது ஆறு கியர் டூரிங் வண்டி. கம்பெனியிலிருந்து வந்தபோது முன்னால், இன்ஜின் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டில் 16 பல், பின்னால் சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில் 42. நெடுஞ்சாலையில் டாப் கியரில் போகும்போது இடது கால் தானாக ஏழாவது கியரைத் தேடும், அவ்வளவு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று). மாதம் இரண்டு தடவையாவது நீண்ட தூரம் போகிறவன். லிட்டருக்கு 24 கிலோமீட்டர் வந்துகொண்டிருந்தது. கியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால், அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும்படி பல் எண்ணிக்கையை மாற்றினால், இன்ஜின் நிதானமாக ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று கேள்விப்பட்டு, டூரிங் வண்டிகளுக்கு மட்டுமே வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

நான் விழுந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்தவர் உடனே விலை பேசவில்லை. ஒரு அட்டைப்பெட்டி மூடியை எடுத்து, மார்க்கரால் சின்ன வட்டம் ஒன்று, பெரிய வட்டம் ஒன்று வரைந்தார். "பாருங்கண்ணா, இப்ப 42-ஐ 16-ஆல வகுத்தா 2.625. நான் முன்னால 17, பின்னால 40 போடுறேன். 2.35 ஆகிடும். அதே வேகத்துக்கு ஆர்பிஎம் பத்து சதவீதம் குறையும்." கணக்கு சரி. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், அப்போதும் சரி. "முன்னால ஒரு பல் ஏத்துறது பின்னால ரெண்டு மூணு பல் குறைக்கிற மாதிரி" என்றார், அதுவும் சரி. இவ்வளவு பொறுமையாகப் படம் போட்டு விளக்குகிறவர் ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "மீட்டர்லயே தெரியும், 30-ஐத் தொடும்" என்றார். அரை மாதச் சம்பளத்தை மொத்தமாக முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலை நடக்கும்போது கூட நிற்கவில்லை. சாயங்காலம் வண்டியை எடுத்தபோது பில்லில் 'மைலேஜ் கிட், 1 செட்' என்று மட்டும் இருந்தது. பல் எண்ணிக்கை இல்லை.

ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து கிளம்பும்போதே வண்டி துள்ளியது. பிக்கப் அப்படி. எனக்கு ஒரே சந்தோஷம். கியரிங்கைத் தளர்த்தினால் வண்டி கிளம்பும்போது கொஞ்சம் சோம்பல்தான் படும், கிளட்சை இன்னும் கொஞ்சம் பிடித்து விட வேண்டியிருக்கும். துள்ளியது என்றால் எதிர்த்திசையில் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்று தெரிகிறது, அன்று தெரியவில்லை.

அடுத்த சந்தேகம் ஆர்பிஎம்மில் வந்தது. முன்பு டாப் கியரில் மீட்டர் 100 காட்டும்போது ஆர்பிஎம் எவ்வளவு இருந்ததோ, இப்போதும் அதே அளவு. போன் போட்டுக் கேட்டேன். "உங்க வண்டில மீட்டர் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல இருந்து எடுக்குதுண்ணா, அப்படித்தான் காட்டும்" என்றார். முன் ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் தண்டுதான் அந்த ஷாஃப்ட். அட்டையில் போட்ட கணக்கு மாதிரி இதுவும் உண்மைதான். அதனால்தான் எரிச்சல் அதிகமாகிறது. விஷயம் தெரிந்தவர்தான் இதைச் செய்திருக்கிறார்.

முதல் டேங்க் முடிந்து நிரப்பிப் பார்த்தால் மீட்டர் கணக்கில் 27 சொச்சம். 30 இல்லை, ஆனாலும் 24-லிருந்து 27! நாலு பேரிடம் பெருமையடித்தேன். அதில் ஒரு நண்பர் அங்கேயே போய் அதே கிட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். அவருக்கு இன்னும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

குட்டு வெளிப்பட்டது நான் வழக்கமாகப் போகும் ஒரு பாதையில். 350 கிலோமீட்டர். எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒன்றிரண்டு முன்னே பின்னே வரும், அவ்வளவுதான். இந்தத் தடவை போய் இறங்கினால் ட்ரிப் மீட்டர் 400 காட்டுகிறது. வழி தவறவில்லை, சுற்றிப் போகவில்லை. பெட்ரோல் நிரப்பினேன்: 14.6 லிட்டர். முன்பு இதே பாதைக்கு எவ்வளவு குடித்ததோ அதே அளவு. பெட்ரோல் குறையவே இல்லை, கிலோமீட்டர்தான் வீங்கியிருந்தது.

திரும்பி வரும்போது ஜிபிஎஸ் வேகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் மீட்டர் 100 காட்டினால் ஜிபிஎஸ் 96 காட்டும். இப்போது 84. மூன்று வாரமாக 100-ல் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு 84-ல் ஊர்ந்திருக்கிறேன். எல்லா லாரியும் என்னைத் தாண்டிப் போனது ஏன் என்று இப்போதல்லவா புரிகிறது.

இன்று காலை முன்பக்கக் கவரையும் கழற்றினேன். 17 இல்லை. பழைய 16-ம் இல்லை. 15.

நடந்தது இதுதான். 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3. முன்பு 2.625. அதாவது பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் முன்பைவிட 14 சதவீதம் அதிகமாகச் சுற்ற வேண்டும். என் வண்டியின் மீட்டர் எண்ணுவது அந்த ஷாஃப்டின் சுற்றைத்தான், பல்லை அல்ல. ஷாஃப்ட் அதிகம் சுற்றினால் தூரம் அதிகம் என்று எழுதிக்கொள்ளும். இன்ஜின் கூடுதலாக உழைக்கிறது, மீட்டர் அதையே மைலேஜ் என்று காட்டுகிறது. சொன்னபடி 17/40 போட்டிருந்தால் மீட்டர் பத்து சதவீதம் குறைவாகத்தான் எண்ணியிருக்கும். உண்மையிலேயே மைலேஜ் கொஞ்சம் கூடியிருந்தாலும் மீட்டர் கணக்கில் குறைந்ததுபோல்தான் தெரிந்திருக்கும். என் மாதிரி வண்டிக்கு "மீட்டர்லயே தெரியும்" என்று ஒருவர் சொன்னபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

இனி அவர்களுடைய பதில்கள். முதல் போனில், "ஜிபிஎஸ் எப்பவும் தப்பாத்தான் காட்டும்." இரண்டாவதில், "டயர்ல காத்து பாத்தீங்களா?" பல் எண்ணிக்கையைச் சொன்னதும் குரல் மாறியது. "அண்ணா" போய் "சார்" வந்தது. "நீங்க வேற எங்கயாவது மாத்தியிருப்பீங்க சார்." பல் எண்ணிய படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. நேரில் போனால், படம் வரைந்து காட்டியவர் வெளியே போயிருக்கிறாராம், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாதாம். ஓட்டிய கிட்டைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். சரி, என் பழைய ஸ்ப்ராக்கெட்டையும் செயினையும் கொடுங்கள், அதையே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். ஸ்கிராப்பில் போட்டாயிற்றாம். ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத செட் அது! ஆக, போனது அரை மாதச் சம்பளம் மட்டும் இல்லை.

கியரிங் மாற்றுவதே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். சமதளத்தில், சீரான வேகத்தில், ஆளும் சுமையும் குறைவாகப் போகிறவருக்குத் தளர்ந்த கியரிங்கில் கொஞ்சம் மிச்சமாகும். இன்ஜின் குறைந்த சுற்றில், த்ராட்டிலைச் சற்று அதிகம் திறந்து அதே வேலையைச் செய்யும், உள் உராய்வில் வீணாவது குறையும். ஆனால் மலைப்பாதையிலும், இரண்டு பேரும் இரண்டு பக்கப் பெட்டியுமாகப் போகும்போதும் ஐந்தாவது கியருக்கு இறங்கிக்கொண்டே இருப்பீர்கள், மிச்சமானது அங்கேயே கரைந்துவிடும். இதற்கெல்லாம் 24-ஐ 30 ஆக்க முடியாது. 110-ல் போகிறவர் 90-க்கு வந்தால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். அதற்கு ஒரு கிட்டும் வேண்டாம்.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பில்லில் முன் பல், பின் பல் இரண்டையும் எழுதி வாங்குங்கள். வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். மாற்றியபின் மைலேஜை மீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள்.

முன்னால் 16, பின்னால் 42, ஒரு செயின். மூன்றையும் இனி மறுபடி வாங்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த நண்பருக்குப் போன் போட வேண்டும், அவர் வண்டியை நாளைக்கு அங்கே விடுவதாகச் சொல்லியிருந்தார்.