குடவோலைப் பாடம்: பானையா, கல்வெட்டு வரிகளா, களப்பயணமா?

ஏழாம் வகுப்பில் சோழர் ஆட்சி வந்தாலே குடவோலை வரும்: ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஆள் எடுத்த முறை. அதைத் தேடலாக நடத்த விரும்பும் ஆசிரியருக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. வகுப்பிலேயே பானை வைத்து ஓலை எடுத்து நடிக்கலாம். அதன் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டின் வரிகளைக் கையில் கொடுத்து அலசச் சொல்லலாம். நேரே உத்திரமேரூருக்கு அழைத்துப் போகலாம். மூன்றும் நல்லவைதான். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் பாடம் நிற்பதும் விழுவதும்.

பெரும்பாலோர் பானையில் தொடங்குகிறார்கள். செலவு குறைவு: குழந்தையின் கை நுழையும் வாயுள்ள மண்பானைகள் இரண்டு, 3 செ.மீ. அகலத்தில் வெட்டிய அட்டைத் துண்டுகள், கட்ட நூல். 40 பேர் வகுப்பை எட்டெட்டுப் பேராக ஐந்து குடும்புகளாக (ஊரின் பிரிவுகளாக) பிரித்தால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். பிள்ளைகளும் குதூகலிப்பார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரியும். "என்ன நடந்தது?" என்று எழுதச் சொன்னால், "மக்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று எழுதுவார்கள். குடவோலை ஓட்டு அல்ல, சீட்டு. பெயரை எடுத்தது ஒரு சிறுவனின் கை. யாருக்கு எத்தனை பேர் ஆதரவு என்ற கேள்வியே அங்கு எழவில்லை. நாமே 'தேர்தல்' என்று சொல்லித் தொடங்கிவிட்டு, பிள்ளைகள் குழம்பினார்கள் என்று குறைபட முடியாது.

அதனால் முதலில் கல்வெட்டு வரிகள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் இருப்பது இந்தப் பாடத்துக்குக் கிடைத்த வரம். இரண்டையும் எளிய தமிழில் ஏழெட்டு வரிகளாகச் சுருக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரே தாளில் இடமும் வலமுமாக அச்சிடுங்கள். ஐந்து பேருக்கு ஒரு தாள். கூடவே ஆறு ஆள் அட்டைகள். முதல் இருவருக்கும் போதிய நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் உண்டு. வயது மட்டும் ஒருவருக்கு 32, மற்றவருக்கு 65. மூன்றாமவருக்கு அரைக்கால் வேலி நிலம்தான், ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூலும்) கற்று விளக்க வல்லவர். நான்காமவர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய சகோதரியின் கணவர். ஐந்தாமவர் நிலமில்லாத நெசவாளர். ஆறாமவர் நிலமுள்ள கைம்பெண். யார் பெயர் ஓலையில் ஏறும்? ஒவ்வொரு முடிவுக்கும் எந்த வரி ஆதாரம் என்று அடிக்கோடிட வேண்டும்.

முதல் இரண்டு அட்டைகளிலேயே வகுப்பு சூடு பிடிக்கும். 919-இன் வரம்பு 30 முதல் 60 வயது. 921-இல் அது 35 முதல் 70. ஆகவே முன்னவர் முதல் கல்வெட்டில் தேறி இரண்டாவதில் விழுவார், பின்னவர் நேர்மாறு. இரண்டே ஆண்டில் விதி ஏன் மாறியது? ஆசிரியர் விடை சொல்லக் கூடாத இடம் இது. ஊகம் சொல்லட்டும்; அதற்குத் தாளில் ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கைம்பெண் அட்டைக்குப் பிள்ளைகள் வரி வரியாகத் தேடுவார்கள். பெண் கூடாது என்று நேராக ஒரு வரியும் தாளில் இராது. ஆனால் வேதக் கல்வி என்ற நிபந்தனையே அவரை வெளியே நிறுத்திவிடும். நெசவாளரை நில நிபந்தனை நிறுத்தும். இது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதை இந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகளுக்கு உறைக்கும். தொடக்கத்திலேயே சொன்னால் தேட ஒன்றும் இராது.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. 'வேலி' என்றதும் பாதி வகுப்பு முள்வேலியை நினைக்கும். அது நில அளவு என்று பலகையில் முன்பே எழுதிவையுங்கள். அடுத்தது நேரம். இதற்கு இரண்டு பாடவேளை வேண்டும். ஒன்றில் திணித்தால் கடைசி இரண்டு அட்டைகள்தான் விடுபடும். பாடத்தின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது.

பானையை மூன்றாம் பாடவேளையில் கொண்டுவாருங்கள், கல்வெட்டு சொன்ன ஒழுங்கிலேயே. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனிக் கட்டாகக் கட்டி முதல் பானையில் போட வேண்டும். விவரம் அறியாச் சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து இரண்டாம் பானையிலிட்டுக் குலுக்க, அவனே ஓர் ஓலை எடுத்துக் கொடுப்பான். நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி, எல்லாரும் கேட்க வாசிப்பான். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? வேறொரு ஓலையை விரலிடுக்கில் ஒளித்துக் காட்டிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

களப்பயணம் காஞ்சிபுரம் வட்டாரப் பள்ளிகளுக்கு எளிது. மற்றவர்களுக்கு ஒரு முழு நாளும் பேருந்துச் செலவும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் சுவரில் எழுத்துகளைப் பார்க்கலாம், படிக்க முடியாது. பத்தாம் நூற்றாண்டு எழுத்து பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. தாளை அலசாமல் போனால் படம் எடுத்துத் திரும்புவதோடு சரி. அலசிவிட்டுப் போனால், இவ்வளவு விதிகளையும் கல்லில் வெட்டி எல்லாரும் பார்க்கும் சுவரில் ஏன் வைத்தார்கள் என்ற கேள்வி தானாக வரும். பத்துப் பத்துப் பேராக உள்ளே அனுப்புங்கள். எழுத்து தெரியவில்லையென்று சுண்ணக்கட்டி தேய்ப்பதையும் தண்ணீர் தெளிப்பதையும் அறவே தடுங்கள். பக்கவாட்டிலிருந்து கைவிளக்கு அடித்தாலே வெட்டுகள் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும்.