மேலே ஒரு ட்யூனிங், கீழே ஒரு ட்யூனிங்: சின்ன பவர் சாவில் கார்புரேட்டர் மாற்றிய அனுபவம்

சேலத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் உள்ள அதே 30 சிசி பவர் சாவை (மரம் அறுக்கும் மெஷின்) வாங்கி வைத்திருக்கிறார். "நீ கார்புரேட்டரை மாத்தினியே, நானும் மாத்திடவா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) நீளம், எடை, விலை எல்லாம் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

எனக்கு வேலை ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில். மழைக்கு முன்னால் நிழல் மரக் கிளைகளைக் கழிப்பது, காற்றில் சாய்ந்த சில்வர் ஓக்கைத் துண்டு போடுவது, மிளகுக் கொடி ஏறிய மரத்தில் காய்ந்த கிளையை மட்டும் எடுப்பது. இந்த மெஷினுக்கு இவ்வளவுதான் வேலை. அதற்கு இது அருமையான மெஷின். ஒரு கையில் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறலாம், இரண்டு மூன்று இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்.

பிரச்சினை கூடவே வந்த கார்புரேட்டரில், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகத்தில் இருந்தது. அதில் எச் திருகு (ஃபுல் ஆக்சிலேட்டரில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கிடையாது. ஃபுல் ஆக்சிலேட்டரில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரே அளவு ஜெட்தான் (பெட்ரோல் வரும் நுண்துளை) முடிவு செய்யும். ஐடிலிங் மட்டும் வெளியிலிருந்து திருகிக்கொள்ளலாம். புகை விதிகளுக்காகவும், ஆளாளுக்குத் திருகி எஞ்சினைக் கெடுக்காமல் இருக்கவும் இப்படிச் செய்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த ஜெட் சமவெளிக்கு ஏற்ற அளவு. சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும், அதே ஒரு லிட்டர் காற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சரக்கு குறைந்துவிடுகிறது. காற்று குறைந்த அளவுக்கு பெட்ரோல் குறைவதில்லை. விளைவு, மிக்ஸர் ரிச், அதாவது காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் அதிகம்.

அதை மெஷினே காட்டிக்கொடுக்கும். மரத்தில் பார் இறங்கியதும் வேகம் எடுக்காமல் முக்கும். பிளக்கைக் கழற்றினால் கரி ஈரமாக அப்பியிருக்கும். சைலன்சர் வாயில் இருக்கும் தீப்பொறி வலையில் கரி அடைத்துக்கொள்ளும், அதைத் துடைத்தால் ஒரு வாரம் ஓடும், மறுபடி அடைக்கும். சர்வீஸுக்குக் கீழே கொண்டுபோனால் அங்கே கச்சிதமாக ஓடும். "ஒண்ணும் கோளாறு இல்லைங்களே" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த உயரத்தில் உண்மையிலேயே கோளாறு இல்லை. ஆனால் மேலே நின்று வேலை செய்பவனுக்கு அந்தப் பதிலைக் கேட்கும்போது வரும் எரிச்சல் சாதாரணம் இல்லை.

அதனால் எச், எல் (ஐடிலிங்கில் பெட்ரோல் அளவுக்கான திருகு) இரண்டு திருகும் உள்ள கார்புரேட்டர் ஒன்றை வாங்கினேன். அதே மாடலுக்குப் பொருந்தும் என்று போட்டு விற்கிற வெளித் தயாரிப்பு. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஏர் ஃபில்டரை எடுத்து, இரண்டு நட்டைக் கழற்றி, ஆக்சிலேட்டர் கம்பியை விடுவித்தால் பழையது கையோடு வந்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கிராங்க் கேஸிலிருந்து வரும் இம்பல்ஸ் துளையும் பேக்கிங்கில் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) உள்ள துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். அந்தத் துளை வழியாக வரும் அழுத்தத் துடிப்பில்தான் பம்ப் டயாப்ரம் (மெல்லிய சவ்வு) அடித்து பெட்ரோலை இழுக்கிறது. பேக்கிங்கைத் திருப்பிப் போட்டால் துளை மூடிவிடும். எத்தனை முறை கயிறு இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது.

பழையதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நகக்கண் அளவு வலை, அதில் மாவு மாதிரி மரத்தூள். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் டயாப்ரம் துணி போலத் துவள வேண்டியது, விரலால் அழுத்தினால் மொடமொடத்தது. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மெஷினை வாரக்கணக்கில் பெட்ரோலோடு சும்மா வைத்தால் ரப்பரும் டயாப்ரமும் விறைத்துப் போகும். ஈரத்தையும் இழுக்கும், நம் மலை மூட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் மிக்ஸர் கொஞ்சம் லீனாகவும் (பெட்ரோல் குறைவாகவும்) நகரும். மலையில் காற்று ரிச் ஆக்குவதை இது ஓரளவு ஈடுகட்டுகிறது. சேலத்தில் அப்படி ஈடுகட்ட எதுவும் இல்லை. ஆக, என் நண்பரின் மெஷினுக்குத்தான் எச் திருகு என்னுடையதைவிட அவசியம் என்றுகூட வாதாடலாம்.

ட்யூனிங்தான் இதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். ஏர் ஃபில்டர் சுத்தமாக, செயின் கூராக, பெட்ரோல் புதிதாக இருக்க வேண்டும். ஆயில் லிட்டருக்கு 20 மில்லி, அதுவும் 50-க்கு 1 என்று எழுதியிருக்கும் நல்ல டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில். பயத்தில் ஆயிலைக் கூட்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது, மிக்ஸர் லீன் பக்கம்தான் போகும்.

இரண்டு திருகையும் மெதுவாக, தட்டுப்படும்வரை மட்டும் உள்ளே திருக வேண்டும். இறுக்கினால் நீடில் முனை போச்சு. அங்கிருந்து ஒரு சுற்று வெளியே. மெஷினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சூடாக்கிவிட்டு முதலில் எல். ஐடிலிங் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அந்த இடத்தைப் பிடித்து, அங்கிருந்து கொஞ்சம் வெளியே. ஆக்சிலேட்டரைத் தட்டினால் திணறாமல் எழ வேண்டும். அப்புறம் ஐடிலிங் வேகத்துக்கான எல்ஏ திருகில், செயின் சுற்றாமல் எஞ்சின் மட்டும் நிதானமாக ஓடும்படி வேகத்தை இறக்க வேண்டும்.

கடைசியாக எச். இதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். மரத்தில் வைக்காமல் ஓரிரு விநாடி ஃபுல் ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் சுத்தமாக இருக்கக் கூடாது. பொடபொடவென்று ஓர் உளறல் வர வேண்டும். சுற்றுக்குச் சுற்று எரியாமல், இடையிடையே விட்டு எரிகிற சத்தம் அது. அப்படியே பாரை மரத்தில் இறக்கினால் அந்த உளறல் மறைந்து ஒரே சீரான முழக்கமாக மாற வேண்டும். தூக்கினால் மறுபடி உளறல். சில்வர் ஓக் கட்டை ஒன்றைப் படுக்கப் போட்டு, அறுத்து அறுத்து, எட்டில் ஒரு சுற்றாக உள்ளே நகர்த்தி அந்த இடத்தைப் பிடித்தபோது மெஷின் மாறியே போனது. செயின் தூள் பறக்கவிடவில்லை, சீவல் சீவலாகத் தள்ளியது. உயரத்தால் இழந்த சக்தி முழுவதும் திரும்பி வராது, அது எந்தத் திருகாலும் நடக்காது. ஆனால் முக்கல் நின்றது, பிளக் காபிப்பொடி நிறத்துக்கு வந்தது. காதை நம்பாதவர்கள் பிளக் வயரில் சுற்றும் சின்ன டேக்கோமீட்டர் (சுற்று வேகம் காட்டும் கருவி) வாங்கிக்கொள்ளலாம். மேனுவலில் உள்ள உச்ச ஆர்பிஎம்மைத் தாண்டவே கூடாது.

வெளியே வைத்து ரேஸ் செய்யும்போதே வீல் என்று சுத்தமாகக் கத்துகிறதா? அது லீன். கேட்க நன்றாக இருக்கும், அதுதான் ஆபத்து. இந்த எஞ்சினில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும், சைலன்சர் பக்கம் பிஸ்டனில் கோடு விழும், அப்புறம் சீஸ்தான், பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிடும். மேலே ட்யூன் செய்த மெஷினைக் கீழே கொண்டுபோய் ஓட்டினால் இதுதான் நடக்கும். காற்று அடர்த்தி கூடுகிறது, மேலே சரியாக இருந்த எச் கீழே லீன். எங்கள் பக்கத் தோட்டக்காரர் ஒருவர் மாமியார் வீட்டுத் தென்னையை அறுக்கக் கீழே கொண்டுபோன மெஷின், பிஸ்டன், சிலிண்டர் இரண்டும் மாற்றித்தான் திரும்பி வந்தது.

அதனால் என் மெஷினில் எச் திருகுக்குப் பக்கத்தில் வெள்ளை பெயிண்டில் இரண்டு கோடு போட்டு 'ஏ' (ஏற்காடு), 'சே' (சேலம்) என்று எழுதியிருக்கிறேன். அடிவாரம் தாண்டினால் திருகு 'சே'க்குப் போக வேண்டும்.

இனி எரிச்சல். இந்தக் கார்புரேட்டரில் திருகைப் பிடித்து நிற்க வேண்டிய ஸ்பிரிங் பலவீனம். அதிர்வில் எச் தானாக நகர்கிறது. நேற்று மேகம் திரண்டு வரும் நேரம், பாதி அறுத்த கட்டை முன்னால் கிடக்க, சத்தம் மாறியது. பார்த்தால் திருகு 'ஏ'யை விட்டு உள்ளே போயிருக்கிறது. அதைத் திருப்பச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் உதவாது. தலையில் பல் வெட்டு, அதற்கென்று தனி டிரைவர். அது தோட்டத்தில் இல்லை, வீட்டில் இருந்தது. இவ்வளவு நல்ல மாற்றத்தை ஐம்பது காசு ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்துக் கெடுத்திருக்கிறார்களே என்று நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை. பழைய ஜெட் முக்கும், புகையும், ஆனால் ஒருநாளும் இடம் மாறியதில்லை.

எனவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். மேலே நான் எழுதிய நல்லது அத்தனையும் உண்மை, ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. இருந்தாலும் எப்போதாவது மட்டை கழிக்க மெஷினை எடுப்பவர் ஒவ்வொரு தடவையும் அந்தத் திருகைக் கேட்டு, பார்த்து, சரிசெய்துதான் தொடங்க வேண்டும். அதைச் செய்ய மாட்டீர்கள், எனக்குத் தெரியும். பழையதிலேயே டயாப்ரம் கிட் மாற்றி, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

அதையும் மீறி வாங்கினால் மெஷினை மேலே கொடுத்தனுப்ப வேண்டாம். நான் கீழே வரும்போது அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவருகிறேன், உங்கள் வாசலில் வைத்தே ட்யூன் செய்வோம்.