மெதுவான லப்டொப்பும் இல்லாத வைரசும்: திருகோணமலையில் எனக்கு நடந்தது

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து பழுதான லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை நகரத்துக்கு பஸ் ஏறுகிறவர்களுக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன். நான் இருப்பது உவர்மலையில். பத்து நிமிடத்தில் கடைக்குப் போய்விடலாம். அப்படிப்பட்ட என்னையே ஐந்து தடவை அலையவைத்து 24,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அதில் பெரும்பகுதி இல்லாத ஒரு வைரசின் பெயரால். தூரத்திலிருந்து வருகிறவர்களின் பாடு இதைவிட மோசமாக இருக்கும்.

கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். அதே வார்த்தைகளை வேறொரு கடையில் கேட்டாலும் நீங்கள் நிதானிக்க வேண்டும் என்பதற்காக.

நான் வரலாறு படிப்பிக்கிறேன். 2019இல் வாங்கிய டெல் லப்டொப்தான் என் வேலைக்கெல்லாம். தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், சாதாரண தரப் பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. போன ஐப்பசி இடிமழையில் அதன் சார்ஜர் எரிந்துபோனது. பற்றரி ஏற்கெனவே பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. உடனே கடைக்குப் போய்ப் புதிது வாங்கினேன், 3,800 ரூபாய். “ஒரிஜினல் மாதிரியேதான் ரீச்சர், ஒரு வித்தியாசமும் இல்ல” என்றார் கடைக்காரத் தம்பி.

அன்றிலிருந்து லப்டொப்பைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரிகள் வரத் தொடங்கின. கடைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். “அது சும்மா வாறது ரீச்சர், எஃப் 1ஐ அமத்திட்டுப் போங்கோ” என்றார். நானும் தினமும் அமத்தினேன். முழு விஷயமும் அந்த வரிகளில்தான் இருந்தது.

மார்கழி விடுமுறையில் லப்டொப்பை அதிகம் திறக்கவில்லை. முதலாம் தவணை தொடங்கிய பிறகுதான் சிரமம் தெரிந்தது. வேர்ட்டைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி போட்டு எடுத்து வந்தாலும் அது திறந்து முடிந்திருக்காது. ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். திரும்பவும் அதே கடைக்குக் கொண்டுபோனேன். என் சார்ஜரைக் கொழுவி, மூன்று நிமிடம் அங்குமிங்கும் சொடுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“முழுக்க வைரஸ் ரீச்சர். போமட் அடிச்சாத்தான் சரிவரும்.”

போமட் என்றால் இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. என்ன வைரஸ் என்று கேட்டேன். “எல்லா இடமும் ஏறியிருக்கு” என்பதுதான் பதில். ஸ்கேன் எதுவும் ஓடவில்லை. திரையில் ஒரு பெயரையும் காட்டவில்லை. என் பைல்கள் என்னவாகும் என்றதற்கு, “டி டிரைவுக்கு ஒண்டும் ஆகாது” என்றார். போமட்டில் அழிவது விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் என்பதையும், டெஸ்க்டொப்பில் இருப்பதெல்லாம் உண்மையில் அதற்குள் இருப்பவை என்பதையும் அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. 11ஆம் தரப் பயிற்சித்தாள்கள் முழுவதையும் கைக்கு லேசாக இருக்கட்டும் என்று டெஸ்க்டொப்பில்தான் வைத்திருந்தேன். அவை போய்விட்டன.

போமட்டுக்கு 3,500. “திரும்ப ஏறாம இருக்க” என்று ஒரு வருட அன்ரிவைரசுக்கு 5,500. கடையில் திறந்து காட்டியபோது லப்டொப் பறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதே ஊர்தல். போன் எடுத்துச் சொன்னபோது, “வீட்டுக் கரண்ட் பிழையா இருக்கும்” என்றார். கடையில் வேகமாகவும் வீட்டில் மெதுவாகவும் ஓடியதே, அந்த ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டி டிரைவில் தப்பியிருந்த 10ஆம் தர மூன்றாம் தவணை வினாத்தாளைத் திறந்தேன். பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. அடுத்த பைலும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். எனக்குக் கை கால் விறைத்துவிட்டது. கடைக்கு ஓடினேன்.

“வைரஸ் பைலைத் திண்டிட்டுது ரீச்சர். இனி ரிகவரிதான் போடவேணும்.” பைல்களை மீட்டெடுக்கும் அந்த வேலைக்கு 12,000 ரூபாய். இரண்டு நாள் கழித்துத் தமிழ் எல்லாம் திரும்பி வந்திருந்தது. நான் அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்காவின் மகன் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறான். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்தவனிடம் இதைச் சொன்னேன். அவன் எதையும் புதிதாக நிறுவவில்லை, எதையும் அழிக்கவில்லை. முதலில் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற அன்ரிவைரசில் முழு ஸ்கேன் போட்டான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது இலவசமாகவே வருகிறது. ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு லப்டொப்பை மறுபடி தொடக்கி, விண்டோஸ் எழும்ப முன்னமே தேடும் ஒஃப்லைன் ஸ்கேனையும் போட்டான். அதிலும் ஒன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய அன்ரிவைரசும் சுத்தம் என்றே சொன்னது.

“வைரஸ் இல்லை சித்தி. இனி ஏன் மெதுவா ஓடுது எண்டு பாப்பம்.”

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினான். கணினி என்ன வேலையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜர் வந்தது. அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில், சிபியு (கணினியின் மூளை) என்ற இடத்தில், ஓடுகிற வேகத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். என் லப்டொப்பின் அடிப்படை வேகம் 1.60 கிகாஹேர்ட்ஸ். வேலை கூடினால் அதற்கு மேலும் ஏற வேண்டியது. ஆனால் சிபியு முழுவதும் வேலையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டே வேகம் 0.79இல் அசையாமல் நின்றது.

“கையையும் காலையும் கட்டிப்போட்டு ஓடு எண்டா எப்படி ஓடும்?” என்றபடி சார்ஜரைக் கழற்றினான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறியது. 1.8, 2.4, 3க்கும் மேலே. கொழுவினான், திரும்ப 0.79. நான் நம்பவேண்டும் என்று மூன்று தடவை கழற்றிக் கொழுவிக் காட்டினான்.

பிறகு லப்டொப்பை நிறுத்திப் போட்டு, அந்தக் கறுப்புத் திரையை எஃப் 1 அமத்தாமல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக எனக்கு வாசித்தான். கொழுவியிருக்கும் அடப்டர், அதாவது சார்ஜர், எத்தனை வோட்ஸ், எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். டெல் சார்ஜரின் முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கிறது. “நான் டெல்லின் 65 வோட்ஸ் சார்ஜர்” என்ற தகவல் அந்த ஊசி வழியாகத்தான் லப்டொப்புக்குப் போகிறது. மலிவான போலிகளில் அந்தத் தகவல் வராது. வராவிட்டால் லப்டொப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பல வேளைகளில் பற்றரியையும் சார்ஜ் செய்யாது. அசல் சார்ஜரிலும் அந்த ஊசி வளைந்தோ முறிந்தோ போனால் இதேதான் நடக்கும். பக்கத்து வீட்டில் அசல் 65 வோட்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக் கொழுவினோம். கறுப்புத் திரை வரவில்லை. வேர்ட் உடனே திறந்தது.

கடையில் அது பறந்ததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. எடுக்கப் போன அன்று மேசையில் கொழுவியிருந்தது என்னுடைய சார்ஜர் இல்லை, அவர்களுடைய அசல் சார்ஜர்.

“அப்ப ரிகவரி?” என்று கேட்டேன். வினாத்தாளைத் திறக்கச் சொன்னான். தலைப்பு வரியைத் தெரிவுசெய்து, எழுத்துருவைப் பாமினியிலிருந்து ஏரியலுக்கு மாற்றினான். ‘திருகோணமலை’ என்று இருந்த இடத்தில் நான் அன்று கண்ட அதே ஆங்கிலக் குப்பை. பாமினிக்கு மாற்றினான், திருகோணமலை திரும்பி வந்தது.

நம் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறோம். அந்தப் பைலுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. போமட் அடித்தால் நாம் நிறுவிய எழுத்துருவும் சேர்ந்து போய்விடும். டி டிரைவில் இருக்கும் பைலுக்கு ஒரு சேதமும் இராது. எழுத்துருவைத் திரும்ப நிறுவ ஒரு நிமிடம்கூட ஆகாது, காசும் இல்லை. தமிழ் ஊரில் கடை வைத்து, நாள் முழுவதும் தமிழ் ஆவணங்களைப் பார்க்கிற ஒருவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. என் பயத்தைப் பார்த்துத்தான் 12,000 என்று சொல்லியிருக்கிறார். சார்ஜர் விஷயத்தைக்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். இதை அப்படி விட முடியாது.

சார்ஜரையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். சார்ஜர் காசை மட்டும் திருப்பித் தந்தார்கள். மற்றதெல்லாம் “செய்த வேலைக்கான கூலி” என்றார்கள். என்ன வேலை என்று எழுதிய பில் ஒன்றும் என்னிடம் இல்லை. தொகையை மட்டும் கிறுக்கிய ஒரு துண்டுதான் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன். முதலில் கேட்ட கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். ஆகவே காசு கொடுக்க முன்னமே கேளுங்கள்: என்ன பழுது, என்ன செய்தார்கள், எதற்கு எவ்வளவு என்று எழுதிய பில்.

வைரஸ் என்று சொன்னால் அதன் பெயரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். டிஃபெண்டர் எதையாவது பிடித்திருந்தால் பாதுகாப்பு வரலாற்றுப் பக்கத்தில் பெயரும் திகதியும் இருக்கும். போமட்டுக்குச் சம்மதிப்பதாக இருந்தால் டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் உங்கள் கையாலேயே பென் டிரைவில் எடுத்துவிட்டு, பாமினி எழுத்துருப் பைலையும் அதிலேயே போட்டு வையுங்கள். கொண்டுபோகும்போது உங்கள் சார்ஜரையும் கொண்டுபோய், திருத்திய பிறகு அந்தச் சார்ஜரிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லா மெதுவுக்கும் சார்ஜர் காரணம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சிபியு சரியாக இருந்து, டாஸ்க் மனேஜரில் டிஸ்க் என்ற இடம் 100 வீதத்திலேயே நின்றால் பெரும்பாலும் பழைய ஹாட் டிஸ்க்தான் காரணம். என்னுடையது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிற பழைய வகை. அதையும் பிறகு வேறொரு கடையில், சுற்றும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டியாக மாற்றினேன். அங்கிருந்த அண்ணா கழற்றிய டிஸ்கை என் கையிலேயே தந்து, பில்லும் எழுதித் தந்தார். காற்றாடியில் அடைந்திருந்த தூசியைக் காட்டி, கேட்காமலேயே துடைத்தும் விட்டார். நேர்மையாகத் திருத்துகிறவர்களும் நம் நகரத்தில் இருக்கிறார்கள்.

போன பயிற்சித்தாள்கள் இன்னும் கிடைக்கவில்லை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் 11ஆம் தர வரலாற்றுத் தாள்களை என்னிடமிருந்து பென் டிரைவில் வாங்கிச் சென்ற ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் கணினியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். திறக்கும்போது ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் அழித்துவிட வேண்டாம். அப்படியே அனுப்புங்கள்.