சாங்கியில் முனையம் மாற: ரயிலா, நடையா, பஸ்ஸா?

திருச்சிக்குப் போகும் ஸ்கூட் விமானம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் முதலாம் முனையத்திலிருந்து கிளம்புகிறது. நகர ரயிலான எம்ஆர்டியோ இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவே, நிலத்தடியில்தான் இறக்கிவிடும். தானா மேரா நிலையத்தில் வண்டி மாறிப் பெட்டியோடு வந்து சேர்ந்தவருக்கு அங்கிருந்து இரண்டு வழிகள். மேலே ஏறி, முனையங்களை இணைக்கும் ஸ்கைடிரெயின் ரயிலைப் பிடிக்கலாம்; ஜுவல் கடைத்தொகுதி வழியாக நடந்தும் போகலாம். இரண்டுக்கும் காசு இல்லை. பெரும்பாலோர் யோசிக்காமல் ரயிலைத் தேடுகிறார்கள். கையில் என்ன இருக்கிறது, கூட யார் வருகிறார்கள் என்று பார்த்து முடிவெடுப்பதே சரி என்பேன்.

ஸ்கைடிரெயின் 1990இல், இரண்டாம் முனையத்தை ஒட்டி வந்தது. இப்போது ஓடுவது மிட்சுபிஷியின் கிரிஸ்டல் மூவர் வகை வண்டி. செங்காங், பொங்கோல் பக்கம் குடியிருப்பவர்கள் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வார்கள். அங்கே எல்ஆர்டி எனும் குடியிருப்புப் பகுதி ரயிலாக ஓடுவதும் இதே வகை வண்டிதான். ஓட்டுநர் கிடையாது, ரப்பர் சக்கரம், ஏறி இறங்கப் படி எதுவும் இல்லை. நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் சக்கர நாற்காலியைத் தூக்க வேண்டாம், பெட்டியைச் சாய்க்கவும் வேண்டாம். ஊரிலிருந்து வந்து தங்கிவிட்டுத் திரும்பும் அப்பா அம்மாவை வழியனுப்புகிறீர்களா? முழங்கால் வலியோடு, மைலோவும் கோடாலித் தைலமும் திணித்த பெட்டிகளோடு வருகிறார்களா? அப்படியானால் வேறு யோசனையே வேண்டாம், ரயில்தான்.

ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ரயிலை நாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஓட்டம் சில நிமிடங்களே. நிலத்தடியிலிருந்து இரண்டாம் தளத்துக்கு ஏறுவது, வண்டிக்குக் காத்திருப்பது, இறங்கிய பிறகு பயணப் பதிவு முகப்பு வரை நடப்பது ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால் கணக்கு மாறிவிடும். ஒரே ஒரு பெட்டியோடு தனியாக வருகிறவர் அந்த நேரத்துக்குள் ஜுவலைக் கடந்து முதலாம் முனையத்தை நெருங்கியிருப்பார். இரண்டாம், மூன்றாம் முனையங்களிலிருந்து ஜுவலுக்குப் போகும் பாலங்கள் குளிரூட்டப்பட்டவை. நகரும் நடைபாதையும் உண்டு. ஜுவலிலிருந்து முதலாம் முனையத்தின் வருகைக் கூடத்துக்கு நேரடியாகவே போய்விடலாம். அங்கிருந்து புறப்பாட்டுக் கூடம் ஒரு தளம் மேலே. வார இறுதி மாலை மட்டும் இந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள். ஜுவலின் உள்ளே இருக்கும் அருவியைப் படமெடுக்க நிற்கும் கூட்டத்துக்குள் பெட்டியை இழுத்துச் செல்வது பெரும்பாடு.

அருவி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையிலான ரயில் ஜுவலின் உள்ளேயே புகுந்து போகிறது. 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் நீரைக் கண்ணாடி ஜன்னல் வழியே சில விநாடிகள் பார்க்கலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதைவிட நல்ல சுற்றுலா சாங்கியில் இல்லை. விமானத்துக்கு நேரம் இருந்தால் ஒரு முறை போய்த் திரும்பி வரலாம்.

குடிநுழைவுச் சோதனையைக் கடந்துவிட்ட பிறகு நிலைமை வேறு. பயணிகளுக்கான ரயில் தனி, வழியனுப்ப வந்தவர்களுக்கான பொதுப் பகுதி ரயில் தனி. ஆகவே விடைபெறுவதைக் குடிநுழைவுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனவர்கள் முதல் மூன்று முனையங்களுக்குள் தாராளமாகப் போய்வரலாம். பாதுகாப்புச் சோதனை விமான வாயிலில்தான் நடக்கும். பின்னிரவில் சில மணி நேரம் ரயில் ஓடாது. அப்போது நடைதான்.

இனி நான்காம் முனையம். 2017இல் திறக்கப்பட்ட இதற்கு ஸ்கைடிரெயின் போவதில்லை, ஜுவல் வழியாக நடந்து போகவும் முடியாது. இலவச பஸ் இருக்கிறது. பஸ் வரும்வரை நிற்க வேண்டும், பெட்டிகளை நாமே தூக்கி ஏற்ற வேண்டும், போக்குவரத்து விளக்குகளில் காத்துக் கிடக்க வேண்டும். ரயிலோடு ஒப்பிட்டால் மூன்றிலுமே பஸ் பின்தங்கிவிடுகிறது. இத்தனை நேர்த்தியான விமான நிலையத்தில் இந்த ஓர் இணைப்பு மட்டும் இப்படி இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை. ஏர்ஏஷியாவில் கோலாலம்பூர் வழியாக ஊருக்குப் போகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்த விமானங்கள் நான்காம் முனையத்தில்தான் நிற்கின்றன. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே டிக்கெட்டில் முனைய எண்ணைப் பாருங்கள். 4 என்று இருந்து, கூடப் பெரியவர்களும் இருந்தால், எம்ஆர்டியை விட்டுவிட்டு வீட்டு வாசலிலிருந்தே டாக்சி பிடித்துவிடுங்கள்.