ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள்: மூன்று வருட அனுபவம்

என் வண்டி 2019 ஜூனில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். அந்த வருடம் ஏப்ரலில்தான் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் (பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது. மூன்று வருடம் அதைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. 2022 அக்டோபரில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தது.

வந்த விதமே விசித்திரம். காலையில் வண்டியை எடுக்கும்போது இருக்காது. தெருமுனையில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுதாக ஒடித்துத் திரும்பினால் வந்துவிடும். அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் போய்விடும். பிரேக் வழக்கம்போலப் பிடித்ததால் நானும் அலட்சியமாக விட்டுவிட்டேன். அது தப்பு. அந்த விளக்கு எரியும்போது சாதாரண பிரேக் உண்டு, ஏபிஎஸ் கிடையாது. மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள் மதுராந்தகம் பக்கம் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன், முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போனது. காலைத் தூக்கிவிட்டு மறுபடி அழுத்தியதால் தப்பித்தோம். பின்சீட்டில் அம்மா இருந்தார். அன்றைக்கு வந்த நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாளே சர்வீஸ் சென்டர். ஸ்கேன் போட்டார்கள், சி0035 என்று பிழைக் குறியீடு வந்தது. முன் இடது சக்கரத்தின் வேக சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சென்சாரை மாற்றினார்கள், விளக்கு போனது, பில் கட்டினேன். பதினேழாம் நாள் அதே திருப்பத்தில் அதே விளக்கு. திரும்பப் போனபோது ஏபிஎஸ் யூனிட்டையே (சென்சார்கள் சொல்வதை வைத்து ஏபிஎஸ்ஸை இயக்கும் பெட்டி) மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துவந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நண்பர் தன் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அழைத்துப் போனார். இருபத்தைந்து வருடமாக ஒயரிங் வேலை மட்டுமே பார்ப்பவர். அந்தக் குறியீட்டைச் சொன்னதும், "தம்பி, அது சர்க்யூட்டைத்தான் சொல்லுது, சென்சாரை இல்ல. சென்சார்ல இருந்து யூனிட் வரைக்கும் ஒயர் இருக்குல்ல?" என்றார். முதல் நாளே யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அவர் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரை மாட்டி நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் ஓடவிட்டார். காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னார். நேராகப் போகும்போது நான்கும் ஒன்றுபோலவே காட்டின. வலப்பக்கம் ஒடித்ததும் முன் இடது மட்டும் பூஜ்ஜியத்துக்கு விழுந்தது, மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்து மல்டிமீட்டர். பழைய வகை சென்சார் காந்தமும் கம்பிச்சுருளும்தான், ஓம் (மின்தடை) அளந்தாலே அதன் நிலை ஓரளவு தெரிந்துவிடும். என் வண்டியில் இருப்பது மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் ஹால் வகை. இதில் ஓம் அளந்து முடிவுக்கு வர முடியாது. அதனால் சென்சாரைப் பிரிக்காமலே, கப்ளரின் (ஒயர்களை இணைக்கும் பிளக்) பின்புறம் மெல்லிய ஊசியைச் செருகி வோல்டேஜ் பார்த்தார். நேராக இருக்கும்போது 11.8. ஸ்டீயரிங்கை ஒடித்தேன், மீட்டரில் ஒன்றுமில்லை.

மட்கார்டு லைனிங்கைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. சென்சார் ஒயரை ஷாக் அப்சார்பரோடு பிடித்திருக்கும் கிளிப் மாட்டப்படவே இல்லை. சில மாதங்களுக்கு முன் வெளியே ஒரு பட்டறையில் முன் ஷாக்குகளை மாற்றியிருந்தேன். அப்போது கழன்றதை யாரோ திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒயர் கப்ளரை இழுத்திருக்கிறது. கப்ளருக்குப் பின்னால், வண்டிப் பக்க ஒயரில், மேலுறை நன்றாகவே இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து பச்சை பூத்திருந்தன. சென்சாரை மாற்றியபோது கப்ளரை அசைத்ததில் அறுந்த முனைகள் தற்காலிகமாகத் தொட்டிருக்க வேண்டும். அந்தப் பதினேழு நாட்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் இதுதான்.

ஆடுகிற இடத்தில் ஈயம் வைத்து ஒட்ட அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி அறுந்துவிடும் என்றார். அசையாத இடம்வரை ஒயரை வெட்டி, புதுத் துண்டை கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டார். புதுக் கிளிப் மாட்டினார். கூலியோடு மொத்தம் தொள்ளாயிரம் ரூபாய்.

இது நடந்தது 2023 ஜனவரியில். அந்த ஒட்டு இன்றுவரை மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது, 41,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை.

நடுவில் ஒருமுறை விளக்கு வந்தது, ஆனால் காரணம் வேறு. 2024இல் முன் வலது வீல் பேரிங்கை மாற்றிய அன்று மாலையே எரிந்தது. அதற்குள் ஏபிஎஸ் படிக்கிற ஸ்கேனர் ஒன்று நானே வாங்கியிருந்தேன். (முதலில் வாங்கிய விலை மலிவான புளூடூத் கருவி இன்ஜின் பிழைக் குறியீடுகளை மட்டுமே காட்டியது. வாங்குவதற்கு முன் ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டையும் உங்கள் வண்டியில் படிக்குமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.) அந்தச் சக்கரம் தொடர்ந்து பூஜ்ஜியம்தான், ஒடித்தாலும் நேராகப் போனாலும் மாற்றமில்லை. இந்த வகை பேரிங்கில் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கும், சென்சார் அதைத்தான் படிக்கிறது. பார்வைக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனால் காந்தப் பக்கம் லேசாக இழுக்கும். பட்டறையில் பேரிங்கைப் பக்கம் மாற்றி அடித்திருந்தார்கள். பிரஸ் செய்து எடுத்த பேரிங்கை மறுபடி போடக்கூடாது என்பதால் இன்னொரு புது பேரிங் வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவைப் பட்டறைக்காரரே ஏற்றுக்கொண்டார், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஏபிஎஸ் சென்சாரில் பழகிவிட்டோம் என்று ஏர்பேக் பக்கம் மல்டிமீட்டரை மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். மஞ்சள் கப்ளர் இருக்கும் எந்த ஒயரிலும் மீட்டரை வைக்கக்கூடாது. பையை வெடித்து விரிக்கிற திரிக்கு மிகச் சிறிய மின்சாரமே போதும். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

சர்வீஸ் சென்டரில் கழற்றிக் கொடுத்த பழைய சென்சாரைப் பிறகு அந்த எலக்ட்ரீஷியனிடமே கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். மாட்டிப் பார்த்தார், மற்ற மூன்றுக்கும் சமமாக வேகம் காட்டியது. இப்போது அது டிக்கியில், ஜாக்கிக்குப் பக்கத்தில், உதிரியாக இருக்கிறது.