லேஸ் கட்டும் ஆங்கிள் பிரேஸ்: பல பருவங்கள் அணிந்து ஆடிய பின்

பள்ளிக் கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக, ஆடும் தம் மகளுக்கு எந்தக் காலணி வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரு கைகளாலும் ஒரே லாகவத்தோடு பந்தைத் தட்டிச் செல்லும் பெண் அவள். முழு வேகத்தில் ஓடிவந்து சட்டென நின்று திசை மாற்றுவதுதான் அவளுடைய பலம். கணுக்காலுக்கு ஆபத்தும் அதிலிருந்துதான் வருகிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி காலணி நிறுவனத்தை மாற்றிய பிறகுதான் அவருடைய கணுக்கால் தேறியது என்பது நண்பரின் கட்சி. காலணியால் ஆவது சொற்பம் என்பது என் கட்சி. பல பருவங்களாக நான் அணிந்து ஆடிவரும் லேஸ் வகை ஆங்கிள் பிரேஸை, அதாவது ஷூவுக்குள் கணுக்காலைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் காப்புறையைப் பற்றி எழுதும்படி ஆனது அந்த விவாதத்தால்தான்.

முதலில் கரியின் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். அவருடைய வலது கணுக்காலில் 2011 மே மாதத்தில் தசைநாரைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2012 ஏப்ரலில் அதே கணுக்காலுக்குள் மீண்டும் பார்த்து, சேர்ந்திருந்த துணுக்குகளை அகற்றினார்கள். இடையில் வந்த 2011-12 பருவத்தில் அவர் ஆடியவை 26 ஆட்டங்கள் மட்டுமே. 2013இல் அவர் நைக்கியை விட்டு அண்டர் ஆர்மருக்கு மாறினார் என்பதும் உண்மைதான். நண்பர் மறப்பது இடையில் இருக்கும் 2012-13 பருவத்தை. நைக்கி காலணியோடு ஆடிய அந்தப் பருவத்தில்தான் கரி 78 ஆட்டங்களில் இறங்கி, 272 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டு, என்.பி.ஏ.வின் அப்போதைய பருவச் சாதனையை முறியடித்தார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 54 புள்ளிகள் குவித்ததும் அப்போதுதான். அந்தப் பருவத்திலும் கணுக்கால் அவ்வப்போது பிசகவே செய்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மீட்சி தொடங்கியது காலணி மாறுவதற்கு முன்பு.

மீட்சியை உறுதியாக்கியது இடுப்பு. கரி ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் உடல்திறன் பயிற்சிக்குப் பொறுப்பேற்ற கீகி லைல்ஸ், நிற்பது, திரும்புவது, தரையிறங்குவது ஆகியவற்றின் சுமையைக் கணுக்காலிலிருந்து இடுப்புக்கும் பிட்டத் தசைகளுக்கும் மாற்றும் விதமாகக் கரிக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். இதோடு, இரு கணுக்கால்களிலும் பிரேஸ் அணிந்து ஆடுவதையும் கரி வழக்கமாக்கிக்கொண்டார். வாய்க்காப்பை மென்றுகொண்டே ஃப்ரீ த்ரோ போடும் அவருடைய பழக்கம் எல்லோருடைய கண்ணிலும் படுகிறது. காலுறைக்குள் மறைந்திருக்கும் இந்தப் பழக்கம் படுவதில்லை.

உயரமான கழுத்து கொண்ட ஷூ கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊர்க் கோர்ட்டுகளிலும் வேதவாக்கு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் 600க்கும் மேற்பட்டவர்களை வைத்து 1993இல் வெளியான ஆய்வில், உயரக் கழுத்துக்கும் தாழ்ந்த கழுத்துக்கும் சுளுக்கு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2001இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒரு படி மேலே போய், குதிகாலில் காற்றறை வைத்த காலணி அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் நான்கு மடங்குக்கும் மேல் என்றது. முன்பே ஒருமுறை பிசகியவர்களுக்கோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிரேஸின் பக்கம் சாட்சி இன்னும் வலுவானது. விஸ்கான்சினில் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்கள் 1,460 பேரை ஒரு பருவம் முழுக்கக் கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், லேஸ் பிரேஸ் அணிந்தவர்களின் கணுக்கால் காய விகிதம் அணியாதவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. பட்ட காயத்தின் கடுமையை அது குறைக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

என் கால் சொல்வதும் இதையேதான். பிரேஸ் அணியத் தொடங்கியபின் எனக்குப் பெரிய சுளுக்கு வரவில்லை. நான் எதிர்பாராத நன்மை இன்னொன்று உண்டு: தோலை ஒட்டி இறுக்கமாக ஏதோ இருப்பதால், ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க) எழும்பி இறங்கும்போது பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது எனக்கு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, என்னைப் படுத்தும் இந்தப் பிரேஸின் லேஸுக்கு வருகிறேன். பிரேஸோடு தந்திருப்பது உருண்டையான, வழவழப்பான நைலான் கயிறு. வியர்வை ஏறியதும் அது துளைகளுக்குள் வழுக்கத் தொடங்குகிறது; ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடியும்போது பாதத்தின் மேற்பகுதியில் இறுக்கம் தளர்ந்து, இரண்டாம் கால்பகுதியில் நாக்குப் பட்டை ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறது. ஷூவின் லேஸ் அவிழ்ந்தால் குனிந்து கட்டிவிடலாம். பிரேஸின் லேஸ் ஷூவுக்குள் புதைந்திருப்பதால், எட்டு வடிவத்தில் சுற்றிய வெல்க்ரோ பட்டைகளைப் பிரித்து, ஷூவைக் கழற்றி, அடியிலிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். அணியிலேயே உட்கார நேரமில்லாதவர் பாயிண்ட் கார்டுதான். பந்தை மேலே கொண்டுவருபவரும் டைம் அவுட்டில் பயிற்சியாளர் பேச்சுக்குக் காது கொடுத்தாக வேண்டியவரும் அவரே. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு காலைக் கட்டினால் மறு கால் மிஞ்சுகிறது. இரட்டை முடிச்சு போட்டேன். முடிச்சு நிற்கிறது, நடுவில் கயிறு தளர்கிறது. தட்டையான பருத்தி லேஸ் மாற்றினேன். பிடிமானம் வந்தது, ஆனால் துளையின் விளிம்பில் உராய்ந்து பருவத்தின் பாதியில் அறுந்தது. கணுக்காலைப் பாதுகாக்கவென்றே ஒரு பொருளைச் செய்பவர்கள், அதன் கயிற்றை மட்டும் விளையாடவே போகாதவரிடம் விட்டிருப்பார்களோ என்று தோன்றுகிறது.

கோபத்தில் அளவு மீறக் கூடாது. வெல்க்ரோ பட்டைகள் நன்றாகவே உழைக்கின்றன, தையல் பிரியவில்லை. ஷூ அரை அளவு பெரியதாக வாங்க வேண்டியிருப்பது எல்லாப் பிரேஸுக்கும் பொதுவான தொல்லை.

பிரேஸிடம் கேட்கக் கூடாத வேலையும் ஒன்று இருக்கிறது. 2016 பிப்ரவரி 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில் எதிரணியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் கரியின் இடது கணுக்கால்மேல் வந்து விழுந்தார். கரி திரும்பி வந்து 12 மூன்று புள்ளி எறிதல்களோடு ஆட்டத்தை வென்றது வேறு கதை. இன்னொருவரின் உடல் எடை மேலே விழும்போது எந்தப் பிரேஸும் தடுக்காது. எறிந்தவர் இறங்கும் இடத்தில் பாதத்தை நீட்டுவதும் இப்படித்தான். 2017இல் ஓர் என்.பி.ஏ. ஆட்டத்தில் தடுக்க வந்த ஸாஸா பச்சூலியாவின் பாதத்தின்மேல் இறங்கி, எறிந்த கவாய் லெனர்ட் கணுக்கால் பிசகி வெளியேறினார்; அடுத்த பருவத்திலிருந்து என்.பி.ஏ. நடுவர்கள் இத்தகைய நெருக்கத்தை மறு ஒளிபரப்பில் பார்த்துக் கடும் தவறாக உயர்த்தலாம் என்றானது. அதனால் நண்பரின் மகளுடைய பயிற்சியாளரிடம் காலணியைப் பற்றிப் பேசுவதைவிட, பயிற்சி ஆட்டங்களில் இந்தத் தவறை அவர் ஊதுகிறாரா என்று கேட்பது பயனுள்ளது.

நண்பருக்கு என் பதில்: ஏற்கெனவே ஒருமுறை பிசகிய கால் என்பதால் மகளுக்குப் பிரேஸ் வாங்குங்கள், ஷூ பாதத்துக்குப் பொருந்தினால் போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஒற்றைக் காலில் குதித்து அசையாமல் இறங்கும் பயிற்சியை வாரந்தோறும் செய்யச் சொல்லுங்கள். இந்தப் பிரேஸுக்கு நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மூன்றாக உயர்த்தலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நேற்று மாலை ஆட்டத்தின் நடுவில் இடது கால் லேஸ் மறுபடி தளர்ந்துவிட்டதால் இரண்டிலேயே விடுகிறேன்.