ஆய்வேடு எழுத ஃபோகஸ்மேட் உதவுமா?

பிஎச்டியில் எழுதும் கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு ஃபோகஸ்மேட் என்ற இணையச் சேவையைத் தயங்காமல் சொல்வேன். இது எழுத்து மென்பொருள் கிடையாது, இலக்கணம் திருத்தாது, மேற்கோள் பட்டியல் போட்டுத் தராது. நாள்காட்டியில் ஒரு நேரத்தைக் குறித்தால், அதே நேரத்தில் வேலை செய்ய நினைக்கும் யாரோ ஒருவரோடு, அவர் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, வீடியோவில் சேர்த்துவிடும். வணக்கம் சொல்லி, இன்று என்ன செய்யப்போகிறோம் என்று இருவரும் சொல்லிக்கொள்கிறோம். அப்புறம் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வேலை. கடைசியில் எவ்வளவு முடிந்தது என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன ஏற்பாடு ஏன் வேலை செய்கிறதென்றால், ஆய்வேட்டைப் பற்றி அன்றாடம் கேட்பதற்கு ஆளே இல்லை. நெறியாளர் எப்போதாவது கேட்பார், ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டி கூடும்போது கேட்பார்கள், ஆனால் இன்று காலை ஆறு மணிக்கு நீங்கள் எழுதவில்லை என்றால் அது யாருக்கும் தெரியாது. அந்த ஆறு மணிக்கு ஒருவர் திரையில் நமக்காகக் காத்திருப்பார் என்று தெரிந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம். மூடு வரட்டும் என்று காத்திருப்பதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983லேயே ஓர் ஆய்வு வெளியிட்டார். தோன்றும்போது எழுதிய பேராசிரியர்களைவிட, எழுதியே ஆகவேண்டும் என்ற வெளிக்கட்டாயத்தோடு நேரம் வைத்து எழுதியவர்கள் அதிகப் பக்கங்கள் எழுதினார்கள், புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. எழுதினால்தான் யோசனை வரும் என்பதை நம் துறைகளில் யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு எழுதலாம் என்றுதான் சொல்கிறார்கள், அதிலேயே வருடங்கள் போய்விடுகின்றன.

என் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது அந்த முதல் நிமிடம்தான். "மூன்றாவது இயல் எழுதப்போகிறேன்" என்று சொன்னால் அது ஒன்றும் சொல்லாததற்குச் சமம். "நேர்காணலுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று இரண்டு பத்தி" என்று சொன்னால் கை உடனே நகர்கிறது, முடிந்ததா இல்லையா என்று கடைசியில் நேர்மையாகச் சொல்லவும் முடிகிறது. நம் துறையே தெரியாத ஒருவரிடம் சொல்லவேண்டியிருப்பதால், என்ன எழுதப்போகிறோம் என்பது நமக்கே தெளிவாகிவிடுகிறது.

25, 50, 75 நிமிடம் என்று மூன்று அளவுகள் இருக்கின்றன. எழுத 50தான் சரி. 25ல் அடிக்குறிப்பு சரிபார்க்கலாம், அட்டவணை போடலாம். நேரம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். சினாப்சிஸ், அதாவது ஆய்வேட்டின் சுருக்கம், கொடுக்கவேண்டிய தேதி நெருங்கும்போது இரவு பகலாக உட்கார்ந்து எழுதி, அப்புறம் இரண்டு வாரம் அந்தக் கோப்பைத் திறக்கவே பயப்படுவது நம் விடுதிகளில் சாதாரணம். பாய்ஸ் 1997ல் எழுதிய இன்னொரு கட்டுரையில், அப்படி மூச்சுவிடாமல் எழுதுபவர்கள் மொத்தத்தில் குறைவாகவே எழுதுகிறார்கள், மனச்சோர்வும் அவர்களிடம் கூடுதல் என்று காட்டியிருக்கிறார்.

இலவசமாக வாரத்துக்கு மூன்று அமர்வுகள், அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதச் சந்தா. உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத ஆய்வாளருக்கு டாலர் சந்தா கனமானதுதான், அதனால் அந்த மூன்றையும் மின்னஞ்சலுக்கோ படிவம் நிரப்பவோ செலவழிக்காமல் எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு விடியற்காலை என்றால் அமெரிக்காவில் மாலை, அந்த நேரத்திலும் துணைக்கு ஆள் கிடைக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் அமைதி முறையைத் தேர்ந்தெடுத்து, சொல்லவேண்டியதைச் சாட்டில் தட்டிவிடலாம்.

கேமராவைத் திறந்து வைக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் ஒத்துவராது, முக்கியமாக ஒரே அறையில் நான்கு பேர் இருக்கும் வீடுகளில். நெட் சீராக இல்லாத ஊர்களிலும் சிரமம்தான். அவர்கள் துறையிலேயே இன்னோர் ஆய்வாளரைப் பிடித்து, நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து இதே முறையைக் கடைப்பிடிக்கலாம், ஆனால் தொடங்கும்போது சொல்வதையும் முடிவில் கேட்பதையும் விட்டுவிடக்கூடாது, அவை இல்லையென்றால் அது சீக்கிரமே டீக்கடைப் பேச்சாகிவிடும்.